கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

பெரியவர்கள் கையில் வைத்த பெருநாள் காசைச் சேர்த்து, என் பேரன் இரண்டு மீன்கள் வாங்கி வந்தான். ஒன்று ஆஸ்கர், மற்றொன்று ரெட் டெவில். இரண்டும் அன்று கட்டைவிரல் நீளம்தான். விற்றவர் அவை எவ்வளவு வளரும் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டடித் தொட்டியில் விட்டோம். எட்டு மாதங்களில் ரெட் டெவில் ஒரு சாண் அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து விளக்கைப் போட்டுப் பார்க்கையில், ஆஸ்கர் செதில்கள் பெயர்ந்து, துடுப்புகள் கிழிந்து, தொட்டியின் மூலையில் செத்து மிதந்தது.

"நன்னா, இதற்கு ஷைத்தான் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பாவம் உண்டா?" என்று கேட்டான் பேரன்.

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அறிவும் பொறுப்பும் சுமத்தப்படாத உயிருக்குப் பாவமேது? ஆனால், சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அங்கே ஒரு கொலை நடந்திருக்கிறது. கொன்றது குற்றவாளி அன்று எனில், அந்தக் குற்றம் எங்கே போய் நிற்கும்? இரண்டையும் ஒரே தொட்டியில் இட்ட கைகளில் அன்றோ!

இம்மீன்கள் சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நமக்கு அந்நியமான குடும்பமும் அன்று. கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும், 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளங்களிலெல்லாம் நிறைந்துவிட்ட ஜிலேபி கெண்டையும் இக்குடும்பத்தினவே. ஆஸ்கரின் தாயகம் அமேசான் ஆற்றுப்படுகை. ரெட் டெவில் மத்திய அமெரிக்காவின் நிகராகுவா நாட்டு ஏரிகளில் வாழ்வது. இரண்டும் ஓரடி அளவுக்கு வளரக்கூடியவை.

இவற்றின் முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால் வெறுப்பதற்கு மனம் வராது. மீனினத்தில் பெரும்பாலானவை முட்டையிட்டதோடு கடமை முடிந்ததென்று போய்விடும். ரெட் டெவில் அப்படியன்று. ஆணும் பெண்ணும் இணைந்து பாறையிடுக்கில் ஓர் இடத்தைப் பிடிக்கின்றன. முட்டைகள் கெடாமல் துடுப்பால் விசிறுகின்றன. குஞ்சுகள் வெளிவந்த பின்னரும் வாரக்கணக்கில் காவல் நிற்கின்றன. இதற்கு நெருங்கிய இனமான மைடாஸ் சிக்லிட்டின் குஞ்சுகள் பெற்றோர் உடலின் மேல் ஊறும் வழுவழுப்பையே கொத்தித் தின்கின்றன. வீட்டையும் மக்களையும் காக்கவென்று இறைவன் அளித்த ஆற்றல் அது. ஏரியில் எல்லை மீறி வந்த மீனை இது விரட்டும், தோற்றது ஓடிவிடும், அத்தோடு சண்டை தீரும். தொட்டியில் தோற்றது எங்கே ஓடும்? ஓடும் வழியை அடைத்தவர்கள் நாம். அடைத்துவிட்டுப் பழியை மீனின் பெயரிலேயே ஒட்டிவிட்டோம். இக்குடும்பத்து மற்றொரு மீனுக்கு, 1919 முதல் 1926 வரை உலகக் குத்துச்சண்டை வீரராயிருந்த ஜாக் டெம்ப்சியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்!

அப்படியாயின் உயிர்களை அடைத்து வளர்ப்பதே ஆகாதா? மார்க்கம் அவ்வாறு சொல்லவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் இளவல் அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் பரிவோடு பேசியதும் நாம் அறிந்ததே. ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே அறுபதளவு படிப்பினைகளை எடுத்துத் தனி நூல் செய்தார். பறவைகளைக் கூண்டில் வைப்பது பற்றி இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களிடம் வினவியபோது, அதன் தேவைகளை உரியவர் கவனிப்பாராயின் ஆகும், கட்டிவைத்த கால்நடையைப் போன்றதே அது, என்று விடை தந்தார்கள்.

தேவை என்றால் என்ன? இரை மட்டுமா? இங்கேதான் பலரும் தவறிவிடுகிறோம். 1262-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை ஒரு பட்டியலாகவே எழுதி வைத்தார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போயினும் அவற்றுக்குச் செலவிட வேண்டும். தாங்கவியலாத சுமையை ஏற்றலாகாது. தன்னினத்ததோ வேற்றினத்ததோ, முட்டியும் காயப்படுத்தியும் துன்புறுத்தக்கூடியவற்றோடு ஒன்றாக அடைக்கலாகாது என்பது அதன் கருத்து. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கண்ணாடித் தொட்டி அறியாத காலத்துப் பெரியார் ஒருவர் எங்கள் கூடத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போலிருந்தது.

விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. சேவற்கட்டும் கிடாச்சண்டையும் தவறென்று ஒப்புக்கொள்ளும் வீடுகளிலேயே, உயிருள்ள சிறு மீன்களைப் பெரிய மீனின் முன் போட்டு, அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் உலர்தீனியையும் இறால் துண்டையும் தின்று அம்மீன் நன்றாகவே வாழும். ஆதலால், அந்தக் காட்சி மீனின் பசிக்காக நடத்தப்படுவதன்று. நம்முடைய பசிக்காக நடத்தப்படுவது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1990களில் மலேசியாவில் பல சிக்லிட் இனங்களைக் கலந்து உண்டாக்கிய ஃபிளவர்ஹார்ன், நெற்றி புடைத்த மீன், இப்போது கொளத்தூர்க் கடைகள் வரை வந்து, வாஸ்து மீன் என்ற பெயரில் விலைபோகிறது. சகுனம் பார்ப்பதை விட்டொழித்த சமுதாயம் நாம் என்கிறோம். அழகுக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டே அதை வாசலுக்கு எதிரே வைப்பவரிடம் என்ன பேசுவது?

எங்கள் மீனுக்கு வருகிறேன். ஒரு பெண் பூனையைக் கட்டிப்போட்டுக் கொன்ற செய்தியில், அவள் அதற்கு உணவும் தரவில்லை, தானே இரை தேட அவிழ்த்துவிடவும் இல்லை என்று வருகிறது. அதாவது அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. எங்களுக்கு இரண்டாவது வழி இல்லை. ரெட் டெவிலை ஏரியில் விட்டால் அது விடுதலையாகாது. அங்குள்ள நாட்டு மீன்களின்மீது ஏவிவிடும் வேட்டையாகும். அமெரிக்காவின் தென் ஃபுளோரிடாக் கால்வாய்களில் ஆஸ்கரும் மைடாஸும் இன்று குடியேறிப் பெருகி நிற்கின்றன. கடையில் திருப்பிக் கொடுக்கலாம். அது இன்னொரு வீட்டின் இரண்டடித் தொட்டிக்குப் போகும். "மீன் ஹலால்தானே, பொரித்துவிடுங்கள்" என்றார் பக்கத்து வீட்டு அன்பர். ஜிலேபி கெண்டையின் உறவு என்ற முறையில் அவர் சொன்னதில் பிழையில்லை. எனினும், பெயரிட்டு எட்டு மாதம் வளர்த்ததைச் சட்டியிலிட என் மகளுக்குக் கை வரவில்லை.

எனவே எஞ்சியது ஒரு வழிதான்: இருக்கும் இடத்தை அகலமாக்குவது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி 57 லிட்டர்தான் கொள்ளும். நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உயரமும் ஆக்கினால் 255 லிட்டர் பிடிக்கும். இடத்திற்கும் குணத்திற்கும் உள்ள உறவு கற்பனையன்று. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்து ரொனால்டு ஓல்ட்ஃபீல்டு மைடாஸ் மீன்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டதில், இடம் பெரிதாகி, மறைவிடங்களும் அமைந்தால் அவற்றின் மூர்க்கம் குறைகிறது என்று கண்டிருக்கிறார். நெருக்கடியில் வாழும் மனிதக் குடும்பங்களை நான் நினைத்துக்கொண்டேன். அது வேறு கட்டுரை.

தொட்டி பெரிதானால் தண்ணீரும் பெரிதாகும். மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் தேங்கிக்கொண்டே போகும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றியாக வேண்டும். ஏறத்தாழ 64 லிட்டர், நான்கு குடத்திற்குமேல். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு மக்கள் குடங்களோடு நின்றதை நாம் மறக்கவில்லை. ஒளூச் செய்யும் நீரிலேயே விரயம் கூடாதென்று படித்த நான், அத்தகைய நாள் மீண்டும் வந்தால் ஒரு மீனுக்காக நான்கு குடத்தை எப்படி எடுப்பேன்? எடுக்காவிட்டால் அமானிதம் என்னாகும்? வெளியேற்றும் நீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறோம். பாதிக் குற்றம் கழிகிறது. மீதிப் பாதிக்கு என்னிடம் விடையில்லை.

புதிய தொட்டி வந்துவிட்டது. ரெட் டெவில் அதில் தனியாக இருக்கிறது. இனித் துணை சேர்ப்பதாக இல்லை. கல்லடுக்கின் பின்னே ஒளிகிறது, வெளிவருகிறது, பேரனின் விரலைக் கண்ணாடிக்கு உள்ளிருந்தே தொடர்கிறது. இவ்வகை மீன்கள் நன்கு பேணினால் பத்து ஆண்டுகளுக்கும் வாழக்கூடும். எனக்கு வயது எழுபத்திரண்டு. பேரன் அடுத்த ஆண்டு வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறான். சென்ற வாரம் என் வஸிய்யத் ஏட்டை எடுத்து, கொடுக்க வேண்டிய கடன்களுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: மீனுக்கு நீர் மாற்றும் பொறுப்பு யாருடையது என்று. பெயரெழுதும் இடத்தை வெறுமையாக விட்டு மருமகனிடம் நீட்டினேன். அவர் இன்னும் ஏட்டைத் திருப்பித் தரவில்லை.