மூன்றாவது பெயர்

இந்துஸ்தானி இசை கொஞ்சம் கேட்பவர் யாரிடமாவது 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். கேட்டிருப்பார். யார் வாசித்தது என்றால் சந்தூர் சிவ்குமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா என்று உடனே பதில் வரும். அப்புறம் ஒரு இடைவெளி. "கிட்டார் ஒருத்தர்... பேரு வாயில இருக்கு, வரமாட்டேங்குது."

வராத அந்தப் பெயர் பிரிஜ் பூஷண் காப்ரா. கடந்த ஐந்தாறு வருடங்களாக நான் அதிகம் கேட்பது அவரைத்தான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியியலாளராக இருக்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து பந்திங் திரும்பும்போது, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே அவரைக் கேட்பேன். காலை ராகத்தைக் காலையிலேயே கேட்க எனக்கு வாய்த்த வழி அதுதான்.

அந்த இசைத்தட்டு 1967இல் வந்தது. காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாள், விடியலிலிருந்து இரவு வரை, அந்தந்தப் பொழுதின் ராகங்களில். வாசித்த மூவருக்கும் அப்போது முப்பதை ஒட்டிய வயது, அதாவது இப்போது எனக்கு இருக்கும் வயது. பிறகு சிவ்குமாரும் ஹரிபிரசாத்தும் சிவ்-ஹரி என்ற பெயரில் 'சில்சிலா', 'சாந்தினி' படங்களுக்கெல்லாம் இசையமைத்தார்கள், உலகம் சுற்றினார்கள். காப்ரா கிட்டாரோடு இருந்தார், கற்றுக்கொடுத்தார், 2018இல் காலமானார். இப்படி ஒருவரை வியக்கிறவன் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? ரொம்ப நாளாக மனசில் சுற்றிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

கருவியை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டார் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து நாலு கார்ட் பிடித்து வாசிப்பது. காப்ராவின் கிட்டாரும் இரும்புத் தந்தி போட்ட கிட்டார்தான். ஆனால் அதை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார். இடது கை தந்தியை அழுத்தாது; உருண்டையான ஓர் இரும்புக் கட்டையைத் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போகும். வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் தந்தியை மீட்டும். ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த முறை இது. அதில் சுருதிக்கென்று தனித் தந்தி சேர்த்து ராகத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்.

என் தொழில் புத்தி இங்கேதான் விழித்துக்கொள்கிறது. கிட்டார் தந்தியின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாக வெட்டி, அந்தந்த இடத்தில் மெட்டு அடித்திருப்பார்கள். முதல் மெட்டு 36 மில்லிமீட்டர் தள்ளி வரும். தந்தியில் பாதியைத் தாண்டிவிட்டால் அடுத்த மெட்டுக்கு 18 மில்லிமீட்டர்தான். இந்த இடைவெளிக்குள் விரலை எங்கே அழுத்தினாலும் வரும் சுரம் ஒன்றே. கை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மெட்டு காப்பாற்றிவிடும். இரும்புக் கட்டைக்கு அந்தக் காவல் கிடையாது. மேல் ஸ்தாயியில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் நல்ல காதுக்குத் தெரிந்துவிடும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மில்லிமீட்டர் என்பது சில இடங்களில் தாராளமான அளவு. அதற்கும் அளவுகோல் உண்டு, இயந்திரத்தை நிறுத்தி அளக்க நேரமும் உண்டு. இங்கே கை ஓடிக்கொண்டே இருக்கிறது, அளப்பது காது.

நமக்கு இது அந்நியமான தத்துவமும் இல்லை. கோட்டுவாத்தியம் இதே மாதிரி மெட்டில்லாமல் வழுக்கி வாசிப்பதுதான். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளைக் கேட்டவர்களுக்குக் காப்ராவின் கிட்டார் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும்.

இப்போது அந்த வாக்கு. காப்ரா 1937இல் ஜோத்பூரில் பிறந்தவர். அப்பா சிதார் மேதை இனாயத் கானிடம் கற்றவர், சகோதரர் சரோத் வாசிப்பவர். அப்படிப்பட்ட வீட்டில் பையன் ஹவாய் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான். அன்றைய இந்தியாவில் அந்தக் கருவிக்கு இருந்த முக்கியமான வேலை சினிமாப் பாட்டு வாசிப்பது. அப்பா ஒரு நிபந்தனை போட்டாராம்: வாசி, ஆனால் அதில் சாஸ்திரிய இசை மட்டும்தான் வாசிக்க வேண்டும். மகன் வாக்குக் கொடுத்தார். அலி அக்பர் கானிடம் கற்றார். கிட்டாரில் ராகத்தை முழுசாக வாசிக்க முடியும் என்று காட்டினார்.

நம் வீடுகளிலும் நிபந்தனை உண்டு. "மொதல்ல டிகிரிய முடி, அப்புறம் என்னா வேணா செய்." இந்த நிபந்தனை கலைக்கு வெளியே நிற்கிறது, கலை என்னவானாலும் அதற்குக் கவலை இல்லை. காப்ராவின் அப்பா உள்ளே வந்து நிபந்தனை போட்டார். (என் அப்பா மேல் எனக்குப் புகார் இல்லை. அவருக்கு ராகம் தெரியாது, மாதக் கடைசி தெரியும்.)

அந்த வாக்கு ஒரு கதவைத் திறந்தது, ஒரு கதவை அடைத்தது. அடைபட்ட கதவுக்குப் பின்னால்தான் ஊரறிந்த புகழ் இருந்தது. சினிமாப் பாட்டை ஹவாய் கிட்டாரில் வாசித்துத் தட்டு போட்டவர்களுக்கு வீடு வீடாகக் கேட்பவர்கள் இருந்தார்கள். அது தெரிந்தேதான் இந்தப் பக்கம் நின்றார் என்றால், அவர் பெயர் மக்கள் வாயில் வராததை அநியாயம் என்று நான் எப்படிச் சொல்வது?

இதை எங்கள் வாசகர் குழுவில் ஓர் அண்ணனிடம் பேசினேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எதையும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டார். பந்திங் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது.

"பேரு வேணும்னு அவரு கேட்டாரா தம்பி?"

"கேட்ட மாதிரி தெரியல."

"அப்ப வலிக்கிறது யாருக்கு?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் போட்டார். "மூணு பேருன்னு சொல்ற. தாளம் யாரு போட்டா?"

"தபேலா மாணிக்ராவ் போபட்கர்."

"பாத்தியா, அந்தாளுக்காக யாரு வருத்தப்படுறது?"

இந்தக் கேள்வி என்னை நிறைய நாள் வேலை வாங்கியது. சிற்றிதழ் படிக்கிறவர்களுக்கு, அதாவது நம் கூட்டத்துக்கு, ஒரு ருசி இருக்கிறது. யாருக்கும் தெரியாத ஓர் எழுத்தாளரைச் சொல்லி, "இவர நீங்க படிக்கலையா?" என்று கேட்கும்போது வரும் ருசி. அவருக்காகப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர் தெரியாதவராக இருப்பதில் நமக்கு ஓர் ஆதாயமும் இருக்கிறது. நாளைக்கே காப்ராவின் இசை ஏதாவது ஒரு விளம்பரத்தில் வந்து, எல்லார் கைப்பேசியிலும் அழைப்பு மணியாகிவிட்டால் நாம் சந்தோஷப்படுவோமா? "நான் அப்பவே கேட்டேன்" என்றுதான் முதலில் சொல்வோம். அப்போதும் பேச்சு நம்மைப் பற்றித்தான்.

அதற்காக அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. 'அவரே கேட்கவில்லையே' என்பது சௌகரியமான வாதம். கேட்காதவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேதான் உலகம் நிறைய விஷயங்களில் வளர்ந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

புகழையும் கடனையும் பிரித்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தெளிகிறது. புகழ் என்பது மழை மாதிரி, எங்கே பெய்யும் என்பது யார் கையிலும் இல்லை. கடன் அப்படி இல்லை. யாரிடமிருந்து வாங்கினோம் என்று சொல்வது வாங்கியவன் கையில் இருக்கிறது. இரும்புக் கட்டையைத் தந்தியில் வழுக்கும் முறையை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் பள்ளிப் பையனாக இருந்தபோதே கண்டுபிடித்தவர் என்று ஜோசப் கெக்குக்குவைச் சொல்கிறார்கள். 1940களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி அந்தக் கிட்டாரை வாசித்தார், கற்றும் கொடுத்தார். வங்காளத்தில் அந்தக் கருவி வேர்பிடித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. இந்த இரண்டு பெயரும் இல்லாமல் 'இந்தியக் கிட்டாரின் கதை' என்று ஒருவர் எழுதினால், அது புகழ் குறைவு கிடையாது, கணக்கில் விடுபட்ட தொகை.

பெயர் விஷயம் இன்னும் சிக்கலாகவும் போகும். காப்ராவுக்குப் பிறகு விஷ்வ மோகன் பட் கிட்டாரில் தந்திகளைக் கூட்டி, 'மோகன வீணை' என்று பெயரிட்டு வாசித்தார். ரை கூடரோடு சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' 1994இல் கிராமி வாங்கியது. நல்ல இசை, நானும் விரும்பிக் கேட்பதுதான். ஆனால் 'மோகன வீணை' என்ற அதே பெயரில், சரோத் கலைஞர் ராதிகா மோகன் மைத்ரா 1940களிலேயே உருவாக்கிய வேறொரு கருவி இருந்தது. இருவர் பெயரிலும் மோகன் இருக்கிறது, இருவருமே கருவி செய்தவர்கள். இப்போது தேடினால் இரண்டாவது வீணைதான் முதலில் வரும். இதில் யாரையும் திட்ட எனக்கு ஆசை இல்லை. எழுதுகிறவன் இரண்டையும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

காப்ராவின் கடன் ஓரிடத்தில் நன்றாகவே தீர்க்கப்பட்டிருக்கிறது. கல்கத்தாவின் தேவாசிஷ் பட்டாச்சார்யா அவரிடம் பத்து வருடம் கற்றவர். இன்று உலகம் அறிந்த வாசிப்பு அவருடையது, தானே வடிவமைத்த கிட்டார்கள் வேறு. அவர் வாசிப்பதைக் கேட்டால், சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும் வழியில் காப்ரா நடந்த தடம் தெரியும். பத்து வருடம் என்பது சாதாரண வியப்பில்லை. நாம் ஒருவரை வியந்து பதிவு போட பத்து நிமிடம் ஆகும்.

இங்கே நம் சண்டை ஒன்றையும் இழுத்துக்கொள்கிறேன். மலேசியத் தமிழ் இலக்கியத்தைத் தமிழ்நாடு கண்டுகொள்வதில்லை என்ற புலம்பலை எத்தனை மேடையில் கேட்டிருப்போம்! எனக்கு அது பாதி நியாயமாகப் படுகிறது. ஆனால் அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஆறு. வேலைக்குப் போக நான் அதைத்தான் கடக்கிறேன். அந்த ஆற்றங்கரையில் குடியிருக்கும் தமிழர்களில் எத்தனை பேர் கையில் அந்த நாவல் இருந்திருக்கும்? சென்னையில் யாரும் பேசவில்லை என்பதைவிட, பந்திங்கில் இரண்டு பேர் அதைப் பற்றிச் சண்டை போடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அங்கீகாரம் கேட்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது: யாரோ படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாம் படிக்காமல் இருந்துவிடலாம்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "சரி, நீ அந்தக் கிட்டார்காரருக்கு என்னா செஞ்ச?" என்றார். நியாயமான கேள்விதான்.

நான் செய்துகொண்டிருப்பது இது. 150 வெள்ளிக்கு வாங்கிய பழைய கிட்டார் ஒன்றின் தலைப்பக்கம் இரும்புத் துண்டு ஒன்றைச் செருகித் தந்திகளை உயர்த்திக்கொண்டேன். கட்டைக்கு, ஒரு நீளமான 19 மில்லிமீட்டர் சாக்கெட். கனமும் வழவழப்பும் சரியாக அமைந்த சாமான். 'கால் ஆஃப் தி வேலி'யில் பூப் ராகம் வருகிறது, நம் காதுக்கு அது மோகனம். ஐந்தே சுரம். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வாசலில் உட்கார்ந்து ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் போய்ப் பார்க்கிறேன். போய்ச் சேர்வதைவிட போகிற வழிதான் கஷ்டம். சீக்கிரம் போனால் கார் கதவு கிறீச்சிடும் சத்தம், மெதுவாகப் போனால் ஆம்புலன்ஸ். மேடைக்குப் போகும் உத்தேசமெல்லாம் இல்லை. ஆனால் இப்படி ஆறு மாதம் உட்கார்ந்த பிறகு காப்ராவைக் கேட்டால் வேறு மாதிரி கேட்கிறது. முன்பு 'ஆகா' என்று தாண்டிப்போன இடங்களில் இப்போது காரின் ஒலியைக் கூட்டி, திரும்பப் போட்டுக் கேட்கிறேன். அவர் எந்த இடத்தில் கட்டையை நிறுத்தாமலே நிறுத்துகிறார் என்று தேடுகிறேன். அவர் பெயர் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் வருவதில்லை.

அம்மாவுக்கு இது பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற மாதிரி இருக்கிறதாம். போன ஞாயிறு காந்தாரம் இரண்டு தடவை அதன் இடத்தில் போய் நின்றது. மூன்றாவது தடவை எதிர்வீட்டு நாய் குரைத்தது.