கிணற்று நீரும் அமானிதமும்

ஆய்வேடு எழுதுவது என்றதும் பட்டப்பின் படிப்பில் இருக்கும் நம் பிள்ளைகள் முதலில் சொல்வது மொழிக் கஷ்டத்தைத்தான். ஆங்கிலம் போதாது, வாக்கியம் அமையவில்லை, உசாத்துணைப் பட்டியல் ஒழுங்கில்லை என்பார்கள். இவையெல்லாம் பயிற்சியால் தீரக்கூடியவை. ஆனால் சுற்றாடலை ஆராய்பவனுக்கு, எழுதுவதும் அவைமுன் எடுத்துரைப்பதும் வெறும் திறன்கள்தானா? அவற்றுள் ஓர் அறக்கடமையும் இருக்கிறதா? இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த கற்பிட்டிக் குடாநாட்டையே எடுத்துக்கொள்வோம். மணல் நிலம், அதிக ஆழம் தோண்டாமலே நீர் கிடைக்கும். அந்த நீரை இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் பயிராகின்றன. மணலுக்குப் பசளையைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. பயிர் உறிஞ்சாமல் விட்டது நைத்திரேற்றாகக் கரைந்து தரைக்கீழ் நீரில் சேர்கிறது. 1980களிலிருந்து ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பயிர்நிலத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டப்பட்டிருப்பதை அந்த ஆய்வுகள் காட்டின. நைத்திரேற்று மிகுந்த நீரில் கரைத்த புட்டிப்பாலைக் குடிக்கும் சிசுவின் இரத்தம் ஒட்சிசனைக் கடத்தும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிணறுகளை முன்வைத்து 1945இலேயே ஒரு மருத்துவ இதழில் இது எழுதப்பட்டுவிட்டது.

நீர் நல்லதோ என்று சந்தேகம் வந்தால் ஓர் உம்மா என்ன செய்வாள்? கொதிக்க வைப்பாள். கிருமிக்கு அது சரியான மருந்து. நைத்திரேற்று கொதியில் போகாது. நீர்தான் ஆவியாகிப் போகும். லீற்றருக்கு 48 மில்லிகிராம் உள்ள நீரில் ஐந்தில் ஒரு பங்கு வற்றிவிட்டால், மிஞ்சிய நீரில் அது 60 ஆகிவிடும். எல்லைக்குள் இருந்தது எல்லை கடந்துவிட்டது. ஆய்வேட்டில் இருக்கும் இந்தச் சிறு உண்மை அவள் காதுக்கு எட்டவில்லை என்றால், அவளுடைய அன்பே பிள்ளைக்குத் தீங்காகலாம்.

எழுத்தின் பிழை எப்படி உயிரைத் தொடும் என்பதற்கு இன்னுமோர் உதாரணம் சொல்லலாம். நைத்திரேற்றை இரண்டு விதமாகக் குறிப்பார்கள். முழு நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் எல்லை 50. அதிலுள்ள நைதரசனாக மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 11. ஒரு மாணவன் திரையில் ‘20’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால், சபையிலிருப்பவர் 50ஐ நினைத்து நிம்மதி அடைவார். அவன் அளந்தது நைதரசனாக இருந்தால் உண்மையில் அது 89க்குக் கிட்டிய அளவு. அலகை எழுதாமல் விட்டது அழகுக் குறைவு என்று மட்டும் சொல்லித் தப்ப முடியுமா?

சொல்லின் நிறையும் இப்படித்தான். ‘தொடர்பு காணப்படுகிறது’ என்பதும் ‘இதுவே காரணம்’ என்பதும் ஒன்றல்ல. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த சிறுநீரக நோயை நாம் மறக்க முடியாது. களைநாசினியான கிளைபோசேற்று, கடின நீர், பார உலோகங்கள் ஆகியவற்றை இணைத்து 2014இல் ஒரு கருதுகோள் வெளிவந்தது. மக்கள் பேச்சில் அது வெகு விரைவில் தீர்ந்த முடிவாகிவிட்டது. 2015இல் நாடெங்கும் அந்தக் களைநாசினி தடைசெய்யப்பட்டது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. நோய்க்கு எல்லாரும் ஏற்கும் ஒரு தனிக்காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல் இடைவழியில் தொலைந்தால் இப்படியெல்லாம் நேரும். மறுபுறம், தெளிவாகத் தெரிந்ததையும் ‘இருக்கலாம்’ என்ற திரைக்குள் ஒளித்து வைப்பவரும் உளர். இரண்டும் சாட்சியத்தைக் கெடுப்பவைதாம்.

இதை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. ஹதீஸ் கலை வளர்த்த சமூகம் நாம். செய்தி என்ன என்று கேட்குமுன் யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, நினைவாற்றல் உள்ளவரா என்று இஸ்னாதை ஆராய்ந்தார்கள் நம் முன்னோர்கள். உசாத்துணை எழுதச் சலிக்கும் மாணவனுக்கு இதைத்தான் நினைவூட்ட வேண்டும். இமாம் மாலிக் அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகள் பலவற்றுக்கு ‘அறியேன்’ என்றே விடை பகர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆய்வேட்டில் ‘இவ்வாய்வின் வரையறைகள்’ என்ற பகுதியைக் கடைசி இரவில் அவசரமாக எழுதி ஒட்டுபவர்கள், அந்த ‘அறியேன்’ எவ்வளவு மதிப்புள்ளது என்பதை உணர வேண்டும்.

ஆய்வு மாணவன் சுகாதாரப் பரிசோதகர் அல்லவே, அவனுடைய வேலை பரீட்சகரைத் திருப்திப்படுத்துவதுதானே என்று கேட்கலாம். கிணற்றின் அளவை ஊரறியச் சொன்னால் அந்தக் காணியின் விலை விழும், விளைச்சலை வாங்க ஆள் வரமாட்டார்கள் என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதனால்தான் எடுத்துரைப்பதைக் கற்க வேண்டும் என்கிறேன். கிணற்றுக்காரர் பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம். அவருடைய கிணற்றின் அளவை அவரிடம் மட்டும், ஒரு தாளில், தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எத்தனை தரம் அளந்தோம், எந்த மாதத்தில் அளந்தோம், எது உறுதி, எது உறுதியில்லை, சிசுவுக்கு வேறு நீர் ஏன் நல்லது, கொதிக்க வைப்பது இதற்கு ஏன் உதவாது என்பவற்றை ஒரே பக்கத்தில் அடக்கலாம். இந்த ஒரு பக்கத்தைப் பிழையில்லாமலும் பயமுறுத்தாமலும் எழுதுவது நூறு பக்க ஆய்வேட்டை விடக் கடினம். அதற்குப் பல்கலைக்கழகத்தில் புள்ளி கிடைப்பதுமில்லை.

மாதிரி எடுக்கப் போன நாளில் அந்த மனிதர் தன் கையால் வாளியை இறக்கி, ஒரு போத்தல் நீரை நிரப்பித் தந்திருப்பார். கூலி கேட்டிருக்க மாட்டார், தேநீரும் கொடுத்திருப்பார். அவர் தந்தது அமானிதம். போத்தல் ஆய்வுகூடத்தில் காலியாகிவிட்டது. அதில் இருந்தது என்ன என்ற செய்தி இன்னும் அவருக்குரியதாகவே இருக்கிறது. பட்டத்தை வாங்கிக்கொண்டு செய்தியைக் கொடுக்காமல் வந்துவிட்டால், அந்த அமானிதத்தை நாம் திருப்பி ஒப்படைக்கவில்லை என்றே பொருள்.