நாலாவது பின்

கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள். பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பிற்பகல் இரண்டே கால். தகரக் கூரை சூட்டில் விரிந்து அவ்வப்போது டக்கென்று சத்தம் போடுகிறது. மேசைக்கடியில் இரண்டு செங்கல் மேல் நிற்கிற சிஸ்டம் இப்போதுதான் தானாக அணைந்தது. இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றிய லாரி ஒன்று மேடை மேல் நிற்கிறது. டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். சீட்டு வராமல் அவர் நகர முடியாது. அவர் நகராமல் பின்னால் நிற்கும் நாலு வண்டியும் நகர முடியாது.

சீட்டு போடுகிற அக்கா எதுவும் பேசவில்லை. கழுத்தில் கிடந்த ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இண்டிகேட்டரில் தெரியும் எடையை நோட்டில் எழுதிக்கொள்கிறார். பத்து நாளாக இப்படித்தானாம்.

*

வந்தவுடன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. முதலில் கேட்பேன். எப்போது அணைகிறது, அணைந்த உடனே போட்டால் எவ்வளவு நேரம் ஓடுகிறது, ஆறவிட்டுப் போட்டால் எவ்வளவு நேரம் ஓடுகிறது?

காலை எட்டு மணிக்குப் போட்டால் பதினொன்று வரை ஒன்றும் இல்லை. மதியத்துக்கு மேல் அரைமணிக்கு ஒருதரம். அணைந்த கையோடு போட்டால் ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து போட்டால் இருபது நிமிடம் ஓடுகிறது. ஆறினால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் சூட்டில் நின்றுபோகும் என்பதால், அதுவா பிராசசரா என்று தெரிய பயாஸ் திரைக்குப் போய்ப் பார்த்தேன். விண்டோஸ் இல்லை, மேடையைக் காட்டும் கேமரா இல்லை, ஒரு வேலையும் இல்லாத வெறும் திரை. பிராசசர் 79 டிகிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 81. பிறகு 84.

அறையில் 40. நான் கொண்டுவந்த சின்ன மீட்டரில் பார்த்தது.

*

தூசி என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்போம். இந்தத் தடத்தில் அது நியாயமான சந்தேகம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எப்போதும் எங்கேயாவது மண் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். நான் சர்வீஸ் பார்க்கிற கேபினட்டுகளைத் திறந்தால் உள்ளே செம்மண் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும். ப்ளோயர் வைத்து ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது தன் கணக்கை மீறிச் சுற்றிக் கெட்டுப்போகும்.

ஊதிய பிறகும் நம்பர் இறங்கவில்லை.

ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் இறக்கையில் படாமல், பிராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கின் அலுமினிய ஓரத்தை விரலால் தொட்டேன். திரையில் 90. விரலுக்கு வெறும் வெதுவெதுப்பு.

அங்கேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன். ஹீட் சிங்க்கும் கொதித்தால் காற்று போதவில்லை என்று பொருள். அது வெதுவெதுப்பாக இருந்து பிராசசர் மட்டும் கொதித்தால், சூடு கிளம்பிய இடத்திலிருந்து வரவே இல்லை என்று பொருள். கீழே அடுப்பு எரிகிறது, மேலே கல் காயவில்லை. நடுவில் ஏதோ ஒன்று விலகியிருக்கிறது.

*

"படுக்க வச்சா கொஞ்ச நேரம் தாங்குது தம்பி."

அக்கா இதைச் சொன்னபோது நான் குனிந்திருந்தவன் அப்படியே நிமிர்ந்தேன். முந்தாநாள் தரையைக் கழுவ கேபினட்டைத் தூக்கி மேசை மேல் படுக்கப் போட்டாராம். அன்று சாயங்காலம் வரை ஒரே ஒருதரம்தான் அணைந்ததாம். "மறுபடி எடுத்து நிக்க வச்சேன், பழையபடி ஆரம்பிச்சிருச்சு."

நிற்கும் கேபினட்டில் மதர்போர்டு சுவர் மாதிரி நிற்கிறது. ஹீட் சிங்க் அந்தச் சுவரில் மாட்டிய படம் போலத் தொங்குகிறது. நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் பின்தான் அதைப் பிடித்திருக்கிறது. கேபினட்டைப் படுக்க வைத்தால் அது தொங்குவதில்லை. தன் கனத்தோடு பிராசசர் மேல் அமர்ந்துகொள்கிறது. நான் கருவி வைத்துத் தேடிக்கொண்டிருந்ததை, பத்து நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். கேட்கிற கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நிற்க வைத்தால் எப்படி, படுக்க வைத்தால் எப்படி?

*

சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, ஹீட் சிங்க்கைக் கழற்றினேன். கருப்புத் தலை வைத்த நாலு பின்னையும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும். மூன்று பின் முரண்டு பிடித்து வந்தன. நாலாவது, கீழே இடது மூலையில் இருந்தது, திருப்புவதற்கு முன்பே கையோடு வந்தது.

பிராசசரின் மூடியை போன் டார்ச்சில் பார்த்தேன். வெள்ளைப் பேஸ்ட் மூன்று மூலையில் பூண்டுத் தோல் போல மெலிந்து, காய்ந்து, சுண்ணாம்பாக இருந்தது. நாலாவது மூலையில் மட்டும் தடித்து, மேல்பக்கம் நசுங்காமல் மேடாக நின்றது. அதற்கு நேர் மேலே ஹீட் சிங்க்கின் அடியில் பேஸ்ட்டின் தடமே இல்லை. அந்த மூலையில் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

போன மார்கழியில் இந்தப் பேஸ்ட்டை வைத்தவன் நான்தான். அன்றைக்கு மூன்று பின்னில் கிளிக் சத்தம் கேட்டிருக்கும். நாலாவதில் கேட்டதாக நினைத்துக்கொண்டு மூடிவிட்டேன். போர்டின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும்: வெள்ளைக் கால் இரண்டும் முழுசாக வெளியே வந்து, நடுவில் கருப்புத் தண்டு இறங்கியிருக்கிறதா என்று. பார்க்கவில்லை. வெளியே லாரி நின்றது, அவசரம் என்று ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

அந்த மார்கழியில் அறை 25 டிகிரி இருந்திருக்கும். பிராசசர் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிற்கும். அறை 15 டிகிரி ஏறினால் அதுவும் கிட்டத்தட்ட 15 ஏறும். இப்போது 100-ஐத் தொடுவது அன்றைக்கு 85-இல் நின்று, சத்தம் காட்டாமல் ஓடியிருக்கும். நாலு மாதம் அப்படியே இருந்த என் தவறை சித்திரை வெயில் வந்து எடுத்துக் காட்டியது.

*

இந்த ஐ3 பிராசசர் முழு வேலையில் 54 வாட் சூட்டை வெளியே தள்ளும். பழைய 60 வாட் குண்டு பல்பை வெறும் விரலால் தொட முடியாது. கிட்டத்தட்ட அதே சூடு, கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிலிக்கன் துண்டிலிருந்து கிளம்புகிறது. அது செம்பு மூடிக்கு ஏறி, பேஸ்ட்டைத் தாண்டி, அலுமினியத் தகடுகளுக்குள் பரவி, காற்றில் கரைய வேண்டும்.

வழியில் மிக மோசமான கடத்தி காற்று. செம்பு காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். பளபளப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்பும் உண்மையில் மேடும் பள்ளமும்தான். சும்மா ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் சில புள்ளிகளில்தான் தொடும், மற்ற இடமெல்லாம் காற்று. அந்தக் காற்றை விரட்டிவிட்டு அங்கே உட்காருவதுதான் பேஸ்ட்டின் வேலை. பேஸ்ட் உலோகத்தைவிட மட்டமான கடத்தி. அதனால்தான் நிறைய வைக்கக் கூடாது. நடுவில் ஒரு பச்சைப்பட்டாணி அளவு, பிறகு நேராக அழுத்தம். அழுத்தம் சீராக இருந்தால் அது தானே பரவிக்கொள்ளும்.

சப்பாத்தி கல்லில் ஒட்டாத இடம் வெள்ளையாகவே நிற்பதைப் பார்த்திருக்கிறோம். கல் ஒரே கல்தான், அடியில் தீயும் ஒரே தீதான்.

*

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் இதே தடத்தில் ஒரு ஆலையில் அசெம்ப்ளி லைனில் இருந்தேன். நாலு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் அடுத்தடுத்துப் போடக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை, பிறகு மற்ற இரண்டு. பக்கத்துப் பக்கத்து மூலையை முதலில் இறுக்கினால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். இறுக்கமும் கணக்குத்தான். அளவு வந்ததும் ஸ்க்ரூ டிரைவர் தானே நழுவிவிடும். கைக்கு அங்கே சொந்த அபிப்பிராயம் கிடையாது.

2007-இல் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கி டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களைச் செய்ய ஆரம்பித்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்ப்பக்கத்தில் கம்ப்யூட்டரே பிறக்கிறது என்று அப்போது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு சிஸ்டத்தின் ஆயுளில் ஆலைக்குள் கழிவது சில மணி நேரம். அதற்குப் பிறகு பத்து வருஷம் இப்படி ஒரு தகர அறையில், செங்கல் மேல், என்னைப் போன்ற ஒருவன் கையில் இருக்கிறது. எடைமேடைத் தராசை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை போடுகிறார்கள். அந்த எடையை அச்சடிக்கிற கம்ப்யூட்டரின் நாலு பின்னை யார் சோதிப்பது? நான்தான் சோதிக்க வேண்டும்.

*

இரவு. சாயங்காலமே ரிச்சி ஸ்ட்ரீட் போய் நாலு பின்னும் பேஸ்ட்டும் வாங்கி வந்துவிட்டேன். காலையில் மாட்ட வேண்டும். அதுவரை சிஸ்டத்தைப் படுக்க வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

சூடு பெரிய நிறுவனங்களையே வழிமாற வைத்திருக்கிறது. பிராசசருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும், ஆகவே எத்தனை நெருக்கி வைத்தாலும் ஒரு சதுர மில்லிமீட்டரின் சூடு கூடாது என்று 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் கூட்டாளிகளும் எழுதினார்கள். முப்பது வருஷம் அந்தக் கணக்கு கைகொடுத்தது. பிறகு டிரான்சிஸ்டர் மிகவும் சிறுத்துப்போய், அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. ஒரே தலையை மேலும் மேலும் வேகமாக ஓட்டுவதை விட்டு, இரண்டு, நாலு என்று வேலையைப் பங்குபோடும் வழிக்கு எல்லோரும் வந்தார்கள்.

இப்போதைய பிராசசர் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்த ரகத்தில் 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஏறினால் எரிந்துபோகாமல் இருக்க அணைந்துவிடும். பத்து நாளாக அக்கா கோளாறு என்று நினைத்த அந்த அணைதல்தான் சிஸ்டத்தை இத்தனை நாள் காப்பாற்றியது.

படுத்துக்கொண்டு அதையே நினைத்தேன். அதே 40 டிகிரி அறையில் அக்காவும் இருந்தார். வேகத்தைக் குறைத்துக்கொள்ள அவருக்கு இடம் இல்லை. லாரி வந்தால் சீட்டு போட வேண்டும். சிஸ்டம் அணைந்த நேரத்தில் அவருக்கு இரட்டை வேலை, கையால் எழுதிப் பிறகு ஏற்ற வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. இந்தத் தடத்தில் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, லோடுமேன், தகர அறையில் சீட்டு போடுகிறவர் வரைக்கும் அது வந்து சேர வேண்டும். இன்றைக்கு நான் அந்த அறைக்குள் போய் முதலில் அளந்தது பிராசசரின் சூடு. அறையை இரண்டாவதாக அளந்தேன், அதுவும் பிராசசருக்காக. அக்காவை ஒன்றும் கேட்கவில்லை.

*

மறுநாள் காலை ஏழு மணி. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடைத்தேன். மூன்றாவது துணியில் கறை வரவில்லை. மூடியில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. பட்டாணி அளவு பேஸ்ட். புதுப் பின்கள். மேல் வலது, கீழ் இடது, பிறகு மற்ற இரண்டு. நாலு கிளிக். ஒவ்வொன்றையும் எண்ணினேன். போர்டைத் திருப்பி, டார்ச் அடித்து, நாலு வெள்ளைக் காலையும் பார்த்தேன். மேலே ஹீட் சிங்க்கைப் பிடித்து மெல்ல அசைத்தேன். அசையவில்லை.

நிற்க வைத்து ஓட்டினோம். மதியம் இரண்டு மணிக்கு, நாலு கேமராவும் திரையில் ஓட, அறை 40-இல் இருக்க, பிராசசர் 66. ஹீட் சிங்க்கின் ஓரத்தைத் தொட்டேன். நேற்றைவிடச் சூடு. அது சூடாக இருப்பதைத் தொட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கே புதிதாக இருந்தது.

அக்கா டீ வாங்கி வரச் சொன்னார். குடிக்கும்போது கேட்டேன், "உங்களுக்கு எப்படிக்கா இருக்கு, இந்த ரூம்ல?"

"சாயங்காலமானா தலைவலிக்கும். அப்புறம் ஏரிப் பக்கமிருந்து காத்து வரும், சரியாயிரும்."

*

ஞாயிற்றுக்கிழமை. மேடை பூட்டியிருந்தது. ஓனரிடம் போனில் கேட்டுவிட்டு, தெரிந்தவர் தோப்பிலிருந்து இருபது தென்னங்கீற்று வாங்கி மினி வேனில் ஏற்றி வந்தேன். அக்காவின் பையன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். தகரத்தின் மேல் இரண்டு அடுக்காகப் பரப்பி, காற்றில் பறக்காமல் கயிறு போட்டுக் கட்டினோம். மேற்குப் பக்கம் அடைத்து வைத்திருந்த ஜன்னலின் அட்டையை எடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்தேன். அறை 36. பிராசசர் 62. மேடை மேல் ஒரு டிரெய்லர் நின்றிருந்தது, பிரின்டர் சீட்டை இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் ஈரத் துண்டு கழுத்தில் இல்லை. ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.