தோண்டும் கைகளின் கடன்

மண்ணிலிருந்து எடுப்பவன் மண்ணுக்குத் திருப்பித் தரவேண்டியது என்ன? நெய்வேலியில் வாழும் நமக்கு இக்கேள்வி வீட்டுத் தோட்டத்திலேயே எழுகின்றது.

உருளைக்கிழங்கு குளிர்ந்த இரவுகளில்தான் திரளும். அது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உரியது. நம் குடியிருப்புக் கொல்லைகளில் செழிப்பது சர்க்கரைவள்ளியே. கொடித்துண்டுகளை ஊன்றி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் காத்திருந்து, கிழங்கில் வெட்டு விழாதபடி மண்ணை விலக்கி எடுக்கின்றோம். எடுத்த அன்றே கொடியின் நுனிகளை நறுக்கி மீண்டும் நடுகின்றோம். எடுத்தலும் கொடுத்தலும் அங்கே ஒரே செயலாகின்றன.

இதே மண்ணில் மற்றோர் அறுவடையும் நடைபெறுகின்றது. 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1961-இல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. பல இலட்சம் நூற்றாண்டுகளில் உருவான அதற்கு நறுக்கி நடக் கொடியில்லை, எரிந்தால் எரிந்ததுதான். 2023 சூலையில் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர்மீது இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நட்டவர் கண்முன் பயிரோ உயிரோடு நின்றது.

மின்னொளி வேண்டாமென்று நாம் கூறவியலாது. அவ்வொளியில்தான் நம் பிள்ளைகள் படித்தார்கள். ஆயினும் விலை கொடுத்தல் வேறு, கடன் தீர்த்தல் வேறு. விலை ஒருநாளில் முடிகின்றது. நிலமோ ஆண்டுதோறும் சோறிட்டிருக்கும். நிலமிழந்தோர்க்கு நிலையான பிழைப்பும், தோண்டிய பள்ளத்திற்கு மீண்டும் பசுமையும் கிட்டும்வரை அக்கடன் நம் கணக்கிலும் நிற்கின்றது. கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு கொடியை நடாமல் போகின்றவனை உழவன் என்று எவரும் அழைப்பதில்லை.