பத்தாயமும் ஆனந்தமும்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார்களைக் காண வேண்டுமானால் குனிந்துதான் பார்க்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த இந்தக் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிப் பெரியபுராணக் கதைகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக, பெயர்ப் பொறிப்புகளோடு ஓடுகின்றன. அந்தக் கதைகளில் பசியும் சோறும் உடம்பும் திரும்பத் திரும்ப வருகின்றன. காரைக்காலம்மையார் தசையை உதறிப் பேயுருப் பெற்றார். இளையான்குடி மாறரோ மழை இரவில் வந்த அடியவருக்குச் சோறிட, அன்று பகலில் விதைத்த முளைநெல்லை வயலிலிருந்து வாரி வந்தார். இரண்டும் ஒரே வரிசையில் வைத்துப் போற்றப்பட்ட செயல்கள். ஆனால் பொதுப்புத்தியில் தங்கியது முதல் கதையின் பாதி மட்டுமே: சதை உயிருக்குப் பகை, பருத்தவன் புலனடக்கம் இல்லாதவன். இந்த எண்ணத்தை உடலியலும் ஏற்காது, சைவ சித்தாந்தமும் ஏற்காது என்பதே என் வாதம்.

முதலில் உடலியல். 1992இல் எருசலேமில் இரஃபேல் மெக்கூலமின் ஆய்வுக்குழு பன்றி மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தது. கஞ்சாவின் போதைப்பொருள் மூளையில் எந்தப் பூட்டில் போய்ப் பொருந்துகிறதோ, அதே பூட்டுக்கு உடம்பு தானே செய்துகொள்ளும் சாவி அது. ஆனந்தம் என்ற வடசொல்லை ஒட்டி அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். பூட்டின் பெயர் சிபி1 ஏற்பி. அது மூளையில் மட்டும் இல்லை. கொழுப்புத் திசுவிலும் கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் இருக்கிறது. மூளையில் திறந்தால் பசி தூண்டப்படும், உண்பதில் இன்பம் கூடும். கொழுப்பு உயிரணுவில் திறந்தால், வந்ததைச் சேர்த்து வை என்ற உத்தரவு போகும். டெல்டா வழக்கில் சொன்னால், அடுப்படிக்கும் நெல் சேர்த்து வைக்கும் பத்தாயத்துக்கும் ஒரே சாவி. இந்தப் பூட்டை மருந்தால் அடைத்துவிட்டால் பிறந்த எலிக்குஞ்சு பால் குடிக்காமல் செத்துப்போகிறது. ஆக உயிர் வாழ்வின் முதல் மிடறே இதை நம்பி இருக்கிறது. மறுபுறம், வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்தவர்களின் இரத்தத்தில் இவ்வகைச் சாவிகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. பத்தாயம் நிரம்பிய பின்னும் மரக்காலில் அளந்து கொட்டுவது நிற்கவில்லை என்று பொருள்.

கொட்டுவதை நிறுத்தலாம் என்று ஒரு மருந்து வந்தது. ரிமோனபாண்ட் என்ற அந்த மருந்துக்கு 2006இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. எடை குறைந்தது, இடுப்புச் சுற்றளவு குறைந்தது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் ஐரோப்பா விற்பனையை நிறுத்தியது. 2009இல் இந்தியாவும் தடை செய்தது. பத்தாயத்தைப் பூட்டப் போனவர்கள் வீட்டையே பூட்டிவிட்டார்கள். உடம்பு வேறு, உள்ளம் வேறு, முன்னதை ஒடுக்கினால் பின்னது ஒளிரும் என்ற கணக்குச் சரியானால் இப்படி நேர்ந்திருக்கக் கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு எளிதாக வரும்: ஒரு வேதிப்பொருளுக்கு யாரோ வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு பேரின்பம் பேசலாமா? கூடாதுதான். சித்தாந்தம் சொல்லும் ஆனந்தம் எந்தச் சுரப்பும் அன்று. என் வாதம் பெயரில் நிற்கவில்லை, மருந்து காட்டிய விளைவில் நிற்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது. மூளைக்குள் அதிகம் போகாமல் வெளியுறுப்புகளில் மட்டும் பூட்டை அடைக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள். அது கைகூடினால் இன்பமும் சேமிப்பும் பிரிந்துவிடுமே? பிரியலாம். ஆனால் அப்படி உருவான மொன்லுனபாண்ட் பற்றி 2024இல் வெளியான சோதனை முடிவுகளிலும், அளவு கூடக்கூட மனம் சார்ந்த பக்கவிளைவுகள் தலைகாட்டின. பெரும்பாலும் லேசானவை அல்லது மிதமானவை, உண்மை. இருந்தாலும் முடிச்சு அவ்வளவு சுலபமாக அவிழவில்லை.

எல்லாம் சுரப்பின் வேலை என்றால் உண்பவனுக்குப் பொறுப்பே இல்லையா என்பது மூன்றாவது கேள்வி. அறநெறி பேசுபவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். தனு (உடம்பு), கரணம் (அகக்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் மாயையிலிருந்து உயிருக்குத் தரப்பட்டவை என்கிறது சித்தாந்தம். ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடம்பு விடியும்வரை உதவும் விளக்கு, பகையன்று. கருவி தரப்பட்டதால் கையாள்பவன் மறைந்துவிடுவதில்லை. தன் மாடு இடப்பக்கம் இழுக்கும் என்று அறிந்த உழவன் அதை அடித்துக்கொண்டிருக்க மாட்டான், மூக்கணாங்கயிற்றை அதற்கேற்பப் பிடிப்பான். பஞ்சத்தைத் தாண்டப் பழகிய உடம்பு இன்று மூன்று வேளையும் சோறு கிடைக்கும் ஊரில் இருக்கிறது. அது சேர்க்கத்தான் செய்யும். உண்பவன் தட்டைக் கவனிக்க வேண்டும், உண்மை. பக்கத்து இலைக்காரனின் வயிற்றை வைத்து அவன் ஒழுக்கத்தை அளக்கும் உரிமை யாருக்கும் இதிலிருந்து கிடைக்காது.

எஞ்சுவது காரைக்காலம்மையார். தசையை உதறுவதே உச்சம் என்பவர்கள் அவரையே சான்றாகக் காட்டுவார்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையைக் கவனமாகப் படித்தால் வேறொன்று தெரியும். கணவன் பொருட்டுத் தாங்கிய தசை அது. அவன் விலகிய பிறகு அதற்கு வேலை இல்லாமற் போனது. அதனால் அதைக் கழித்துவிட வேண்டினார், பழித்து ஒறுக்கவில்லை. பிறகும் உடம்பில்லாமல் இருக்க அவர் விரும்பவில்லை. எலும்பாலான ஓர் உடம்போடு கயிலைக்குத் தலையால் நடந்தார். இறைவன் ஆடும்போது அடியின்கீழ் இருந்து மகிழ்ந்து பாட வேண்டும் என்று கேட்டார். பாடுவதற்குத் தொண்டை வேண்டும், காண்பதற்குக் கண் வேண்டும். திருவாலங்காட்டில் அவருக்குக் கிடைத்தது அதுதான்.