தவக்காலம் முதல் ஞாயிறு: விலங்குகளும் சேர்ந்த உடன்படிக்கை



தவக்காலத்தின் முதல் ஞாயிறு என்றதும் நம் மனம் மூன்று சோதனைகளுக்குப் போய்விடும். கல்லை அப்பமாக்குவது, கோவில் உச்சியிலிருந்து குதிப்பது, உலக அரசுகள் எல்லாம். இன்று வாசித்த மாற்கு நற்செய்தியில் அந்த மூன்றும் இல்லை. பாலைநிலச் சோதனையை மாற்கு இரண்டே வசனங்களில் முடித்துவிடுகிறார். அவ்வளவு சிக்கனமாக எழுதுகிறவர், மத்தேயுவும் லூக்காவும் சொல்லாத ஒன்றை மட்டும் விடாமல் சொல்கிறார்: இயேசு அங்கே காட்டு விலங்குகளுக்கு நடுவே இருந்தாராம்.

முதல் வாசகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்தபின் கடவுள் உடன்படிக்கை செய்கிறார். நோவாவோடு மட்டுமா? பேழையிலிருந்து வெளியே வந்த பறவை, கால்நடை, காட்டு விலங்கு அத்தனையோடும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வீட்டுக்குப் போனதும் தொடக்க நூல் 9ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அந்தத் தொடக்கப் பகுதி இன்றைய வாசகத்தில் வரவில்லை. மனிதனைக் கண்டால் எல்லா உயிர்களும் அஞ்சி நடுங்கும் என்று அங்கே இருக்கிறது. அச்சம் முதலில் வருகிறது, உடன்படிக்கை பிறகு வருகிறது. நம்மைக் கண்டு நடுங்குகிற உயிர்களையும் கடவுள் தம் வாக்குறுதிக்குள் சேர்த்துக்கொள்கிறார். பாலைநிலத்தில் இயேசு எதையும் விரட்டியதாகவோ, எதுவும் அவரைத் தாக்கியதாகவோ மாற்கு சொல்லவில்லை. பழைய அச்சம் அவரிடத்தில் விலகத் தொடங்குகிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், தேர்வு முடிந்ததும் வேன் பிடித்து ஊட்டி, முதுமலை போகும் பேச்சு அன்பியங்களில் தொடங்கிவிட்டது. போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படைப்பைப் பார்ப்பது நல்லதுதான். யோபுவுக்குக் கடவுள் தந்த பதிலே, காட்டுக் கழுதையையும் வரையாட்டையும் கழுகையும் பார் என்பதுதானே!

ஆனால் 2021 ஜனவரியில் முதுமலையை அடுத்த மசினகுடியில் நடந்ததை மறந்துவிட்டுப் போகாதீர்கள். முதுகில் காயத்தோடு திரிந்துகொண்டிருந்த ஓர் ஆண் யானை, ஒரு தங்கும் விடுதியின் பக்கம் வந்தது. விடுதியைச் சேர்ந்தவர்கள் தீப்பற்றி எரிகிற பொருளை அதன்மேல் வீசினார்கள். அது யானையின் காதில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. காதில் நெருப்போடு யானை ஓடுகிற காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் யானை இறந்துவிட்டது. லாரியில் கிடந்த யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் அழுததையும் பார்த்திருப்பீர்கள்.

வீசியவர்கள்மேல் வழக்குப் பதிவானது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யானை நடக்கிற இடத்தில் அந்த விடுதி ஏன் இருந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் இணைப்பது மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி. கோடையில் தண்ணீரும் தீவனமும் தேடி யானைகள் அந்த வழியாகத்தான் போகின்றன. அந்த வழித்தடத்தில் விடுதிகள் முளைத்தன, மின்வேலிகள் போடப்பட்டன. 2018இல் உச்ச நீதிமன்றம் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபரில் யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜன்னலைத் திறந்தால் யானை தெரியும் என்று விளம்பரம் செய்தவர்கள், காசு கொடுத்து அந்த ஜன்னலைக் கேட்க ஆள் இருந்ததால்தான் செய்தார்கள். அந்த ஆள் நம்மில் யாராகவும் இருக்கலாம்.

குரங்குக்குச் சிப்ஸ் கொடுப்பதை ஒரு புண்ணியமாக நினைக்கிறவர்கள் உண்டு. பயமில்லாமல் கையிலிருந்து வாங்கித் தின்கிறதே, ஏதேன் தோட்டம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அது ஏதேன் இல்லை. அந்தக் குரங்கு காட்டில் இரை தேடுவதை விட்டுவிட்டுச் சாலையோரத்தில் காத்துக் கிடக்கும், அடுத்த வண்டியில் அடிபடும். உப்பு வாசனைக்காகப் பிளாஸ்டிக் பையையே மான் விழுங்கிவிடும். யானைச் சாணத்திலும் பிளாஸ்டிக் கிடக்கிறது. அச்சம் விலகுவது வேறு, நம்மிடம் பிச்சை கேட்கப் பழக்குவது வேறு.

ஆகவே இந்த ஆண்டு ஒறுத்தல் முயற்சியாக, வெள்ளிக்கிழமை இறைச்சியை விடுவதோடு, காட்டில் சிலவற்றை விடப் பழகுவோம். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். செல்ஃபி எடுக்க மட்டும் என்றாலும் வேண்டாம். தின்பண்ட உறைகளை வேனிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள், அந்தோணியார் பாட்டானாலும் சரி, புலிக்கு அது இரைச்சல்தான். இரவில் விலங்கு காட்டுகிறேன் என்று தனியார் ஜீப்காரர் யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள், அது சட்டவிரோதம். தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையே வண்டியில் அழைத்துப் போகிறது. அதில் ஒரு மயிலும் நாலு மானும் மட்டும் தென்பட்டால் காசு வீண் என்று முகம் சுளிக்காதீர்கள். விலங்கு நமக்குக் காட்சி தர வேண்டும் என்று எந்த உடன்படிக்கையிலும் எழுதியில்லை. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். அதைத் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறோம். மலையும் காடும் தாங்குகிற அளவு ஒன்று உண்டு என்று நீதிமன்றம் நினைவூட்டியதாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

தெப்பக்காட்டில் யானைகளைப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கிற மனிதர்களையும் பாருங்கள். காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் என்று அந்தக் காட்டின் மக்கள் அவர்கள். மின்சாரம் தாக்கித் தாயை இழந்த ரகு என்ற யானைக்குட்டியை, அங்கே யானைகளைப் பராமரித்த பொம்மனும் பெள்ளியும் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியதும், அந்தக் குட்டியைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. நடுங்கி நின்ற ஓர் உயிரின் அச்சத்தைப் பாலூட்டியும் குளிப்பாட்டியும் போக்கிய அவர்கள் செய்ததைத்தான் பாலைநிலத்து நற்செய்தி என்று நான் சொல்வேன். காட்டோரத்து மக்களின் பிழைப்பும் இந்தப் பயணங்களை நம்பியிருக்கிறது. முறையான அனுமதியுள்ள சின்ன விடுதி, ஊர்க்காரர் நடத்துகிற உணவகம், வனத்துறை சேர்த்திருக்கும் வழிகாட்டி என்று உங்கள் காசு அவர்கள் கைக்குப் போகட்டும்.

மறைக்கல்விப் பிள்ளைகளை அழைத்துப் போகத் திட்டமிடுகிற ஆசிரியர்கள், திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்கு வந்து என்னைப் பாருங்கள். நீங்கள் பேசி வைத்திருக்கிற விடுதி யானை வழித்தடத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரிப்போம். அங்கேதான் இருக்கிறது என்றால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பார்ப்போம்.