குற்றமில்லாத கடன்

அறநெறி நூல்கள் ஆராயும் பழைய வினா ஒன்று உண்டு. ஒருவர் பிறருக்குரிய பொருளைத் தமக்குரியது என்று நம்பி, நல்லெண்ணத்துடன் வைத்திருக்கிறார். பின்னர் உண்மை தெரிய வருகிறது. அவர் திருடர் அல்லர். ஆயினும் அப்பொருளை இனியும் அவர் வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே அறநெறி இறையியலின் விடை. குற்றமில்லாத இடத்திலும் கடன் இருக்கக்கூடும். தோல் தொழிலால் வாழும் வேலூர், ஆம்பூர் பகுதி மக்களாகிய நாம், ஒரு சிறு பறவையை முன்னிறுத்தி இவ்விடையைச் சிந்திப்பது நன்று.

நீலகிரி நெட்டைக்காலி என்பது அதன் பெயர். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. பழுப்பு உடலில் கருங்கோடுகள் உடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், நீலகிரி, ஆனைமலை போன்ற உயர்ந்த மலைகளின் புல்வெளிகளிலன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. தரையில், புற்களுக்கிடையே கூடு கட்டும். புல்வெளி மரக்காடானால் அதற்கு வாழ்விடமில்லை.

அப்பறவைக்கும் நமக்கும் என்ன தொடர்பு? தோலைப் பதனிடத் துவர்ப்புச் சத்து வேண்டும். நம் முன்னோர் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தினர். பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தைச் சீகை மரம் என்றும் சொல்வர். விடுதலைக்குப் பின், தோல் தொழிலுக்கு உள்நாட்டிலேயே பட்டை கிடைக்கவேண்டுமென்று, நீலகிரியிலும் பழனி மலையிலும் அரசே அதனைப் பெருமளவில் நட்டது. மரமற்ற புல்வெளி 'தரிசு' எனக் கருதப்பட்டது. நட்டவர்கள் நாட்டுக்கு நன்மை செய்வதாகவே நம்பினர். பிற்காலத்தில் பதனிடும் தொழிலில் குரோமியம் மேலோங்கியது. ஆனால் மலைமேல் மரம் பரவுவது நிற்கவில்லை. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, மரத்தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

பாலாற்று மாசு குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை 1996இல் உச்ச நீதிமன்றம் நம் தோல் தொழிற்சாலைகளுக்கு உணர்த்தியது. பாலாற்றின் கேட்டை நாம் கண்ணால் காண்கிறோம். மலையுச்சியின் இழப்போ நம் கண்ணுக்கு எட்டாதது. காணாத இழப்புக்குக் கடன் இல்லையா?

"நாட்கூலிக்குத் தோல் சுமப்பவரின் துயர் இருக்க, பயனற்ற பறவைக்காக ஏன் வருந்தவேண்டும்?" எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அக்கூலித் தொழிலாளியின்மீது இக்கடனைச் சுமத்துவது அநீதி. பயன் பெற்ற அளவுக்கே கடன். தொழிலால் செல்வம் சேர்த்தவரும், தொலைநாடுகளில் காலணி வாங்கி அணிபவரும், மரம் நட்ட அரசுமே முதற் கடனாளிகள். ஆனால் 'பயனற்றது' என்ற சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. புல்வெளியைத் தரிசாக்கியது அச்சொல்லே. உழைத்து ஓய்ந்த முதியவரைப் பயனற்றவர் என ஒதுக்குவதும் அச்சொல்லே. படைப்பு ஒவ்வொன்றும் நம் தேவைக்கு முன்னரே தனக்கென மதிப்புடையது.

கடனைத் தீர்ப்பது எளிதன்று. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். மரத்தை வெட்டியதும் கன்றுகள் கூட்டமாய் முளைக்கும். சில இடங்களில் அதன் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் வளர்வதால், எல்லாவற்றையும் ஒருங்கே வெட்டுவதும் தீதாகலாம். அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. மலைகளில் சிலர் உள்ளூர்ப் புல்லை நாற்றாக வளர்த்துக் கொத்துக் கொத்தாக நட்டுவருகின்றனர். ஆண்டுதோறும் களையெடுக்கும் பொறுமையே இங்கு வேண்டப்படும் அறம்.

விழாதோறும் மரக்கன்று நட்டு நாம் மனநிறைவு கொள்கிறோம். நல்லதே. ஆயினும், நடுமுன் அந்த இடம் ஏற்கெனவே யாருடைய வீடு என்று கேட்கக் கற்போம். எடுத்தது தெரியாமல் எடுத்தோம்; தெரிந்தபின் திருப்பித் தராதிருந்தால், அன்றுதான் அது குற்றமாகும்.